ஒரே நாளில் இரண்டு முறை விழுந்தவர்

"மனுவுக்குப் பதில் வந்திருக்கு" என்று குமாஸ்தா சொன்னதும் ரயிலின் நான்காம் பெட்டியில் பேச்சு நின்றது. அவர் ஒரு வக்கீலிடம் முப்பது வருஷமாகக் குப்பை கொட்டுகிறவர். எந்தக் கடிதத்தையும் அடியிலிருந்துதான் படிக்கத் தொடங்குவார். கையெழுத்துப் போட்டவர் எவ்வளவு பெரிய ஆள் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மேலே போவார். இந்தக் கடிதத்தின் அடியில் கையெழுத்தே இல்லை, ஒரு ரப்பர் முத்திரை மட்டும் இருந்தது. அதிலேயே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"தாங்கள் குறிப்பிட்டுள்ள இடத்தில் கடந்த பதினோரு ஆண்டுகளில் விபத்து எதுவும் பதிவாகவில்லை. ஆகவே பிளாட்பாரத்துக்கும் வண்டிக்கும் இடையே உள்ள இடைவெளி பாதுகாப்பானது என்று கருதப்படுகிறது. தங்கள் அக்கறைக்கு நன்றி."

"நன்றியெல்லாம் சொல்லியிருக்காங்களே, நல்ல மனுஷங்கதான்" என்றாள் நர்ஸ்.

"விழாம பாத்துக்கிட்டது யாரு? நாமதானே?" கதவோரமே நிற்பதால் தூண் என்று பெயர் வாங்கியவர் கேட்டார்.

"அதைத்தான் அண்ணே அவங்களும் சொல்றாங்க. யாரும் விழல, அப்புறம் எதுக்கு மனுன்னு" என்றாள் நர்ஸ்.

மனுவை எழுதியவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிச் சட்டத்தில் பொருத்துவது அவள் வேலை. அதனால் பெட்டியில் அவளுக்குக் கண்ணாடியக்கா என்று பெயர். கடிதத்தைக் கையில் வாங்கி ஒரு தடவை படித்தாள். மடித்துப் பைக்குள் வைத்தாள். இறங்கும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் பிடிபடாது. கோபமாக இருந்தாலும் அப்படித்தான் இருப்பாள், தூக்கம் வந்தாலும் அப்படித்தான்.

அவள் ஏறும் நிலையம் ஒரு வளைவில் கட்டப்பட்டிருந்தது. பிளாட்பாரம் வளைந்து கிடக்க, பெட்டி நேராக வந்து நின்றால் நடுவில் எங்காவது விலகித்தான் நிற்கும். அந்த விலகல் நான்காம் பெட்டியின் நடுக்கதவுக்கு நேரே ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. போதாததற்கு வண்டியின் தளம் பிளாட்பாரத்தைவிட முக்கால் அடி உயரம். வேறு கதவுக்குப் போகலாம்தான். ஆனால் நடைமேம்பாலத்தின் படிகள் அந்த இடத்தில்தான் வந்து இறங்கின, வண்டி நிற்பதோ நாற்பது நொடி. அடுத்த பெட்டிக்கு ஓடினால் கார்டின் விசில்தான் மிஞ்சும்.

ஆகவே ஏழு ஐம்பத்திரண்டு வண்டிக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு வழி செய்துகொண்டிருந்தார்கள். காகிதக் கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்கும் தூண் இரண்டு நிலையங்களுக்கு முன்பே ஏறிவிடுவார். நடுக்கதவில் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது கையை வெளியே நீட்டுவார். கீழே நிற்பவர் அதைப் பற்றுவார். பின்னால் நிற்பவர் அவருடைய முழங்கையைத் தாங்குவார். ஏறியவர் உடனே திரும்பி அடுத்தவருக்குக் கை கொடுப்பார். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. நன்றி சொல்வதும் இல்லை. புதிதாக வருகிறவர்கள் என்ன ஏது என்று கேட்பதற்குள் தபால் மூட்டை மாதிரி உள்ளே வந்து விழுந்திருப்பார்கள். பதினோரு வருஷம் இப்படியே ஓடிவிட்டது. அதை ஓர் உதவி என்றுகூட எவரும் நினைத்ததில்லை.

அவளுக்கும் அந்த இடைவெளி ஒரு பொருட்டாக இருந்ததில்லை, மூன்று மாதம் முன்புவரை.

அவள் கணவர் பட்டறையில் கடைசல் பிடிக்கிறவர். ஒரு நாள் இரும்புச் சுருள் ஒன்று தெறித்து இடது கண்ணில் பட்டது. கண் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருந்தது, பார்ப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டது. கம்பெனியில் பெரிய மனது பண்ணி அவரை சாமான் அறைக்கு மாற்றியிருந்தார்கள். அடுத்த மாதம் முதல் தேதி வேலைக்குப் போக வேண்டும். போக வேண்டிய வண்டி ஆறு இருபது. அதில் தூண் இல்லை, குமாஸ்தா இல்லை, யாரும் இல்லை. தூக்கக் கலக்கத்தில் ஏறும் முன்பின் தெரியாத கூட்டம். அவளுடைய கடையோ ஒன்பதுக்குத்தான் திறக்கும். அவரோடு ஒரு நாள் போகலாம், ஒரு வாரம் போகலாம். ஆயுசு முழுக்கப் போக முடியாது. போனாலும் அவர் விடமாட்டார்.

ஒற்றைக் கண்ணுக்கு எது தெரியாது என்று அவளுக்குத் தெரிந்த அளவு அவருக்குத் தெரியாது. ஆழம் பார்ப்பதற்கு இரண்டு கண்ணும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று போய்விட்டால் அரை அடிப் பள்ளமும் ஆறு அடிப் பள்ளமும் சுவரில் வரைந்த படம் மாதிரிதான். வீட்டில் அவர் டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றுவார். ஊற்றிவிட்டு டம்ளரை நகர்த்தி வைத்ததற்காக அவளைக் கடிந்துகொள்வார். அவளும் ஆமாம், நகர்த்திவிட்டேன் என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறவினர் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லி அவரை நிலையத்துக்கு அழைத்துப்போனாள். வண்டி வந்து நின்றது. அவர் காலைத் தேவைக்கு மேல் உயரத் தூக்கினார், தேவைக்குக் குறைவாக எட்டி வைத்தார். செருப்பின் முனை தளத்தின் விளிம்பில் பட்டு வழுக்கியது. அவள் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்ததில் இரண்டு பொத்தான்கள் தெறித்தன.

"சட்டையைக் கிழிச்சுட்டே" என்றார், உட்கார்ந்த பிறகு.

"ஆறு இருபதுல யாரையாவது கை பிடிக்கச் சொல்லுங்களேன்."

"எனக்கு எதுக்குக் கை? போனது கண்ணுதான், கால் ரெண்டும் இருக்கு."

"அந்தக் கால் அப்படியே இருக்கணும்னுதான் சொல்றேன்."

"நீ எல்லாத்தையும் மில்லிமீட்டர்ல பாக்கிறவ. உன்கிட்ட என்ன பேசறது?"

அதற்குப் பிறகு உறவினர் வீடு வரும்வரை இருவரும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். அன்றிரவுதான் அவள் முதல் மனுவை எழுதினாள்.

இரண்டாவது மனுவைக் குமாஸ்தா எழுதினார். அதில் "நேரில் வந்து, தாமே ஏறிப் பார்க்குமாறு" என்று ஒரு வரியைச் சேர்த்து அதன் கீழே கோடும் போட்டார். கோடு போட்டால் மேலதிகாரி படிப்பார் என்பது அவர் அனுபவம். பலித்தது. புதன்கிழமை காலை ஏழு ஐம்பத்திரண்டு வண்டியில் ஆய்வு அலுவலர் ஒருவர் ஏறிப் பார்ப்பார் என்று பதில் வந்தது.

செவ்வாய்க்கிழமை பெட்டியில் ஆலோசனை நடந்தது.

"நாளைக்கு யாரும் கை நீட்டக் கூடாது" என்றார் குமாஸ்தா. "அவரு தானா ஏறட்டும். பள்ளம் என்னன்னு காலுக்குத் தெரியட்டும்."

"அவரு விழுந்துட்டா?" தூண் கேட்டார்.

"விழுந்தா நல்லதுதானே. பதிவு ஆகும்."

"என்ன சார் இப்படிப் பேசறீங்க? மனுஷன் சார்."

"அப்ப நீ விழறியா?"

"நான் உள்ளே இருந்து எப்படி விழறது?"

"நான் விழறேன்னு வெச்சுக்கங்க" என்றாள் நர்ஸ். "என் ஆஸ்பத்திரியில என்னையே படுக்க வெச்சு நானே ஊசி போட்டுக்கணும். ஆள் பத்தாது."

கண்ணாடியக்கா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "யாரும் விழ வேண்டாம். அவர் காலை வைக்கும்போது ஒரு நிமிஷம் பயந்தாப் போதும். கையை மட்டும் பாக்கெட்டுக்குள்ள வெச்சிருங்க. ஒரு நாள்தானே."

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தூண் மட்டும் தன் சட்டையில் பாக்கெட் எந்தப் பக்கம் என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் அலுவலர் அரை மணி நேரம் முன்பே வந்துவிட்டார். ஓய்வுக்குப் பக்கத்தில் இருக்கும் வயது, மெருகேற்றிய ஷூ, கையில் டேப், கக்கத்தில் மேனுவல். வண்டி வருவதற்கு முன்பே அளந்து முடித்தார். பிளாட்பார விளிம்பிலிருந்து தண்டவாளத்தின் மையம்வரை எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு இருந்தது.

"சார், வண்டி வந்து நின்னப்புறம் அளந்தா என்ன?" என்று அவள் கேட்டாள்.

"வண்டி நிக்கும்போது குறுக்கே டேப் நீட்டக் கூடாதும்மா. அது ஆபத்து. மேனுவல்ல இருக்கு."

வண்டி வந்தது. தூண் கதவில் நின்றார், இரண்டு கைகளும் பின்னால். வழக்கமாக முண்டியடிக்கும் கூட்டம் அன்றைக்கு ஒதுங்கி வழிவிட்டது. அலுவலர் அந்த மரியாதையில் மகிழ்ந்து, மூக்குக்கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்து, காலை எடுத்து வைத்தார். கால் தளத்தில் படவில்லை. ஷூ விளிம்பை உரசிக்கொண்டு கீழே போனது, முழங்கால்வரை.

ஒரு கணத்துக்கும் குறைவு. அதற்குள் அவர் உள்ளே இருந்தார். தூணின் வலது கை அவர் மணிக்கட்டில், குமாஸ்தாவின் கை முதுகில், நர்ஸின் கை இடுப்பில். எல்லோருக்கும் முந்தி அவருடைய அக்குளில் கை கொடுத்துத் தூக்கியது யாருடைய கை என்று பார்த்தால், அது கண்ணாடியக்காவுடையது. அவளே அதைப் பிறகுதான் பார்த்தாள்.

அலுவலர் சட்டையைச் சரிசெய்துகொண்டார். முகம் வெளிறியிருந்தாலும் சிரித்தார். "இந்த ஊர்ப் பயணிகள் ரொம்பப் பண்பானவங்க" என்றார். அடுத்த நிலையத்தில் இறங்கிப் போய்விட்டார்.

பெட்டியில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. தூண் தன் வலது கையைத் திருட்டுச் சாமான் மாதிரி முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். "நான் நினைச்சு நீட்டலக்கா. அதுவா போயிருச்சு."

"என் கையும்தான்" என்றாள் அவள்.

நான்கு நாட்களில் அறிக்கை நிலையத்தின் பலகையில் ஒட்டப்பட்டது. அலுவலர் நேரில் ஏறிப் பார்த்தார். சிரமம் எதுவும் உணரப்படவில்லை. பயணிகளின் ஒழுங்கு பாராட்டத்தக்கது. மற்ற நிலையங்களுக்கு இது முன்மாதிரி.

அன்று மாலை கடையில் அவள் ஒரு லென்ஸைப் பாழாக்கினாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. முதல் தேதிக்கு இன்னும் இருபத்திரண்டு நாள். அவள் ஒரு தாளை எடுத்து, யாரையும் கேட்காமல், நாலே வரியில் ஒரு புகார் எழுதினாள். புதன்கிழமை காலை ஏழு ஐம்பத்திரண்டுக்கு, நான்காம் பெட்டி நடுக்கதவில், ஆய்வு அலுவலர் ஒருவர் முழங்கால்வரை பள்ளத்தில் விழுந்தார். நாங்கள் தூக்கினோம். விபத்தாகப் பதிவு செய்யவும். மறுநாள் காலை பெட்டியில் நாற்பத்தொரு கையெழுத்துச் சேர்ந்தது. குமாஸ்தா அந்தத் தாளை இரண்டு முறை படித்து, "கோடு போடவே இடமில்லாம எழுதியிருக்கீங்கம்மா" என்றார். அவர் வாயால் வந்த பெரிய பாராட்டு அதுதான்.

மூன்றாம் நாள் அலுவலர் கடைக்கே வந்துவிட்டார். புகாரின் நகல் கையில் இருந்தது. மதிய நேரம், கடையில் வேறு யாரும் இல்லை.

"இதைத் திரும்ப வாங்கிக்கங்கம்மா" என்றார். "எனக்கு இன்னும் பதினெட்டு மாசம்தான் சர்வீஸ். ஆய்வுக்குப் போன இடத்துல நானே விழுந்தேன்னு இருந்தா, என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"விழுந்தீங்களா இல்லையா சார்?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்து இடது கால்சட்டையை மெல்ல மேலே சுருட்டினார். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தோல் வழண்டு, பக்குக் கட்டியிருந்தது.

"வீட்டுல கேட்டாங்க. நாற்காலி இடிச்சிருச்சுன்னு சொன்னேன்."

"சிரமம் உணரப்படலைன்னு எழுதினீங்களே."

"எழுதும்போது மரத்துப்போயிருந்தது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்லி வாங்கிப் பார்த்தாள். மேல்பாதி தூரத்துக்கு, கீழ்ப்பாதி படிக்க. புதிது. படிக்கும் பாதி வழியாகக் குனிந்து பார்த்தால் கால் இருக்கும் இடம் ஒன்று, தெரியும் இடம் வேறு. அவர் விழுந்ததில் பாதிப் பங்கு இந்தக் கண்ணாடிக்கு உண்டு. இதைச் சொன்னால் அவர் தப்பித்துவிடுவார், பள்ளமும் தப்பித்துவிடும். சொல்லாமல் இருக்கலாம். சற்று நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"படி ஏறும்போது இதுல கீழ்ப்பாதி வழியாப் பாக்காதீங்க சார். தலையை நல்லாக் குனிஞ்சு மேல்பாதி வழியாப் பாருங்க" என்றாள் பிறகு.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்போ தப்பு என் கண்ணாடி மேலன்னு எழுதிரலாமே."

"எழுதலாம். என் வீட்டுக்காரருக்கு ஒரு கண்ணு தெரியாது. முதல் தேதிலேர்ந்து அந்தப் பள்ளத்தைத் தாண்டணும். அவர் விழுந்தா என்ன எழுதுவீங்க?"

"பயணியின் கவனக்குறைவு" என்றார் அவர், மனப்பாடமாக. "பயணி விழுந்தா எப்பவும் அதுதான். படிவத்துல வேற கட்டமே கிடையாது. ஊழியர் விழுந்தா மட்டும்தான் அது பணியிடக் குறைபாடு. அதுக்கு நிரப்பற பாரம் வேற. பதினஞ்சு நாளைக்குள்ள சரி செஞ்சே ஆகணும், தொழிலாளர் சட்டம்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். தன் காலைக் குனிந்து பார்த்தார்.

அவள் பேனாவை எடுத்து அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

அவர் பையில் அந்தப் பாரமும் இருந்தது. எல்லாப் பாரமும் இருக்கும் போலிருக்கிறது. பெயர், பதவி, நேரம் எல்லாம் நிரப்பினார். காரணம் என்ற கட்டத்தில் பழக்க தோஷத்தில் 'கவனக்' என்று எழுதிவிட்டு, அடித்துவிட்டு, 'அகன்ற இடைவெளி' என்று எழுதினார். இருபத்தாறு வருஷ சர்வீஸில் அந்த வார்த்தையை முதல் தடவையாக எழுதுகிறார் என்பது எழுத்திலேயே தெரிந்தது.

"ரப்பர் பட்டை போடுவாங்க" என்றார். "விளிம்போட சேத்து. ஆனா விழுந்த கதவுக்கு நேரே மட்டும்தான். பன்னிரண்டு அடி."

அவள் முகம் மாறியது. "ஆறு இருபது சின்ன வண்டி சார். அதோட நடுக்கதவு நாப்பது அடி தள்ளி வந்து நிக்கும். அங்கேயும் இதே பள்ளம்தான்."

"ஊழியர் விழுந்த இடம்னாத்தான் செய்ய முடியும்."

அலுவலர் மேனுவலை எடுத்தார், புரட்டினார், ஒரு பக்கத்தில் விரலை வைத்து வாய்க்குள் படித்தார். பிறகு மூடிவிட்டு, பாரத்தில் இரண்டாவது பத்தியைத் தொடங்கினார். மேற்படி அலுவலர், முதல் ஆய்வின் முடிவைச் சரிபார்க்கும் பொருட்டு, அதே நாளில் ஆறு இருபது வண்டியிலும் ஏற முயன்று, அங்கும் விழுந்தார்.

"ஆறு இருபது முன்னாடியே போயிருமே சார்" என்றாள் அவள் தயங்கி. "முடிவு வர்றதுக்கு முன்னாடி எப்படிச் சரிபாக்கிறது?"

அவர் யோசித்தார். 'முதல்' என்பதை அடித்து 'வரவிருக்கும்' என்று திருத்தினார்.

"ஒரு ஆளு ஒரே நாள்ல ரெண்டு இடத்துல விழலாமா சார்?"

"கூடாதுன்னு மேனுவல்ல இல்ல" என்று கையெழுத்துப் போட்டார்.

பன்னிரண்டாம் நாள் ஆட்கள் வந்து இரண்டு இடத்திலும் கனமான ரப்பர் பட்டையைப் பொருத்தி, விளிம்பையும் உயர்த்திவிட்டுப் போனார்கள். இரண்டு இடத்துக்கும் நடுவில் அப்படியே விட்டார்கள், அங்கே யாரும் விழவில்லையே. ஒரே நாளில் இரண்டு முறை எப்படி விழுந்தீர் என்று விளக்கம் கேட்டு அலுவலருக்கு ஒரு மெமோ வந்ததாம். மேனுவலின் எந்தப் பிரிவு அதைத் தடுக்கிறது என்று திருப்பிக் கேட்டு அவர் பதில் போட்டாராம். இதைக் குமாஸ்தா எங்கேயோ கேட்டு வந்து சொன்னார். நடுக்கதவில் தூண் இப்போதும் கையை நீட்டிக்கொண்டுதான் நிற்கிறார், எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறார்கள். தேவையில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

பட்டை போட்ட சங்கதியை அவள் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அவர் வேண்டுமென்றே வேறு கதவுக்குப் போவார். பாலத்திலிருந்து இறங்கினால் நாற்பது அடி நடந்து நில்லுங்கள், அங்கேதான் கூட்டம் குறைவு என்று மட்டும் சொன்னாள்.

முதல் தேதி விடிகாலையில் அவர் கிளம்பினார். கூட வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் வாசலில் நின்றாள். ஆறு இருபது வண்டியின் சத்தம் வீட்டுக்குக் கேட்கும். வந்தது, நின்றது, போனது. அதற்குப் பிறகு போன் வரவில்லை. ஏழு மணிவரை அவள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ஏழு மணிக்கும் போன் வராததால், வராததே நல்லது என்று எண்ணிக் கடைக்குக் கிளம்பினாள்.

சாயங்காலம் அவர் அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். சாமான் அறையைப் பற்றி ஒரு மூச்சுப் புலம்பினார். ஒரு ஆணி கொடுக்க மூன்று கையெழுத்தாம், மேஸ்திரிக்கு மரியாதை தெரியவில்லையாம். அவள் பையை மாட்டிவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"வண்டி?"

"வண்டிக்கு என்ன? ஏறினேன், இறங்கினேன்."

"சிரமமா இல்லையே?"

"என்ன சிரமம்? சமதரையில நடக்கிற மாதிரி இருக்கு, காலைத் தூக்கக்கூட வேண்டாம். அன்னிக்கு என் செருப்புதான் சரியில்ல." அவர் உள்ளூர மகிழ்ந்திருந்தார், குரலில் அது தெரிந்தது. "இதுக்குப் போயா ரெண்டு மாசமா என்னைத் தூங்கவிடாம, கூடப் பிறந்தவங்ககிட்ட எல்லாம் சொல்லி, மனு கினுன்னு எழுதி... உனக்கு வேற வேலை இல்ல? எப்பப் பாத்தாலும் பயம். ஒண்ணுமில்லாததைப் பெரிசாக்கறதே பொழப்பு."

அவளிடம் சொல்வதற்கு நிறைய இருந்தது. பன்னிரண்டு அடி ரப்பர், நாற்பத்தொரு கையெழுத்து, ஒரு சாண் நீளத்துக்கு வழண்ட தோல். அவர் எழுந்து, கூடத்தைக் கடந்து, தோளை நிமிர்த்தி நடந்து போவதைப் பார்த்தாள். நான்கு மாதமாக அவர் இப்படி நடந்து அவள் பார்த்ததில்லை.

"ஆமாங்க" என்றாள். "நான்தான் ரொம்பப் பயந்துட்டேன்."